செயல்முறைச் சிகிச்சையாளரைத் தேர்ந்தறிதல்

(நம் சங்கத்தின் சென்னைக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இலக்கணம் கற்பிக்கும் பண்டிதன் சிகிச்சையைப் பற்றிப் பேசப் புகுந்தது என்னையோ என்று தாங்கள் ஐயுறலாம். என் இல்லத்து நேர்ந்த துன்பமே என்னைப் பேசத் தூண்டிற்று.

என் தமக்கையார்க்குப் பக்கவாதம் கண்டு வலக்கை செயலற்றது. உயிர்க்கு அபாயம் நீங்கியபின், சிகிச்சை நிலையம் என்று பலகை தொங்கவிட்டிருந்த ஓரிடத்திற்கு ஐந்து திங்கள் அவரை அழைத்துச் சென்றோம். கையில் மின்கருவியொன்றைப் பொருத்தி, அரைமணி நேரத்தில் அனுப்பிவிடுவர். நடத்தியவரிடம், 'தாங்கள் யாது கற்றீர்கள்?' என்று ஒருநாளும் வினவினோமில்லை. மாணாக்கனைப் பள்ளியிற் சேர்க்கச் சான்றிதழ் கேட்கும் யான், உடன்பிறந்தார் கையை ஒப்படைக்கையில் அதனைக் கேளாதது பெரும் பிழையன்றோ? பக்கவாதத்தில் மீட்சிக்குச் சிறந்த காலம் முதற் சில திங்களே. அவற்றையே யாங்கள் இழந்தோம்.

பின்னர் ஒரு வைத்தியர், 'ஆக்குபேஷனல் தெரபி கற்றவரிடம் செல்லுங்கள்' என்றார். இதனைச் செயல்முறைச் சிகிச்சை என்னலாம். பிஸியோதெரபி என்னும் இயன்முறை மருத்துவம் உறுப்பின் அசைவையும் வலிமையையும் பெரிதும் நோக்குவது. இதுவோ உண்ணல், உடுத்தல், நீராடல், எழுதல் முதலிய அன்றாடச் செயல்களை மனிதர்க்கு மீட்டுத் தருவது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டில் இக்கல்விக்கெனப் பள்ளி கண்டவர் கமலா நிம்ப்கர் அம்மையார். 1952-இல் இத்தொழிலார்க்கு அகில இந்திய சங்கமும் தோன்றிற்று.

எங்களுக்கு வாய்த்த சிகிச்சையாளர் ஓர் இளம்பெண். அவர் முதற்கண் கேட்டது, 'அம்மா, தாங்கள் எதனைத் தாமே செய்ய விரும்புகிறீர்கள்?' என்பதே. 'பிறர் கையால் உண்ணலாகாது' என்று தமக்கையார் கண்ணீர் உகுத்தார். பருத்த பிடியுள்ள கரண்டியும் விளிம்புயர்ந்த தட்டும் வந்தன. தளர்ந்த கையை முதலிற் சட்டையுட் புகுத்தும் முறையைக் கற்பித்தார். எங்களை நோக்கி, 'இனி ஊட்டாதீர்கள்' என்றார். அச்சொல் அன்று எங்களுக்குக் கடுமையாகத் தோன்றிற்று. வலக்கை முற்றும் மீண்டிலது. ஆயினும் தமக்கையார் இன்று தாமே உண்கின்றார்.

ஆதலின், தகுதியுடையாரைத் தேடுவோர் நான்கினை ஆராய்க. முதலாவது, பி.ஓ.டி. என்னும் பட்டம். அது நான்காண்டுக்குக் குறையாத கல்வியும் மருத்துவமனைப் பயிற்சியும் உடையது. சில திங்கட் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. இரண்டாவது, பட்டம் அளித்த பல்கலைக்கழகமும் பதிவும். 2021-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் இத்தொழிலையும் ஏற்று, பதிவுக்கு வழி வகுத்துளது. மூன்றாவது, நம் நோயாளியை ஒத்தார்க்குச் சிகிச்சை செய்த பழக்கம். குழந்தைகளிடம் பழகினார் வேறு, பக்கவாதத்திற் பழகினார் வேறு. நான்காவது, இத்துணை நாளில் இன்ன செயல் என்று குறிக்கோள் வகுத்து எழுதித் தருதல். முற்றும் குணமாக்குவேன் என்று வாக்களிப்பாரை விலக்குக.

சென்னையில் கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவமனையிலும், முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசு நிறுவனத்திலும், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் விசாரித்தல் நலம்.

இன்னுமொன்று. எழுதுகோல் பற்றவியலாத சிறுவனைச் சோம்பேறி என்று வைத ஆசிரியருள் யானும் ஒருவன். அவனுக்கு வேண்டியிருந்தது வசையன்று, இச்சிகிச்சையே என்று பிற்பாடே அறிந்தேன். நம் குலத்தார் இத்தகைய குழந்தைகளை நாணி வீட்டினுள் மறைத்தல் ஒழிக.

நம் சங்கத்துக் கல்வி நிதி பொறியியல் பயில்வார்க்கு உதவுவதுபோல, இக்கல்வி பயில முன்வரும் ஒருவர்க்கேனும் ஆண்டுதோறும் உதவுதல் வேண்டுமெனக் காரியக் கமிட்டியாரை வேண்டிக்கொண்டு என் உரையை முடிக்கின்றேன்.