றைன் நதியோரம் ஒரு கல்விப் பயணம்

(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

போன கோடை விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் அண்டர்மாற்றிலிருந்து பாசல் வரைக்கும் றைன் நதியோரமாகச் சைக்கிளில் போனோம். நாலு பேர் எங்கட சங்கத்து ஆக்கள். ரெண்டு பேர் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யிற சுவிஸ்காரர். 430 கிலோமீற்றர், ஆறு நாள். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் காசு சேர்க்கத்தான் போனோம். அதைப்பற்றிப் பேசும்படி தலைவர் கேட்டார். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. உள்ளதைச் சொல்லுறன்.

முதலில் காசு சேர்ந்த விதம். உங்கட பிள்ளையள் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்பொன்சோரன்லவ்வுக்கு ஒரு தாள் கொண்டுவந்து, "அப்பா, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தருவியள்?" என்று கேட்டிருப்பினம். அதே முறைதான். கிலோமீற்றருக்கு 10 றாப்பன் என்று ஒருவர் எழுதினால், நாங்கள் பாசல் போய்ச் சேர்ந்ததும் அவர் 43 பிராங் தரவேணும். 5 றாப்பன் எழுதினவர் 21 பிராங் 50 தரவேணும். இடையில் விட்டிட்டு றெயில் ஏறினால் ஓடின தூரத்துக்கு மட்டும்தான் காசு. எங்கட சாப்பாடு, படுக்கை எல்லாம் சொந்தச் செலவு.

எங்கட ஐயா ஒருவர் கேட்டார்: "தம்பி, காசு அனுப்ப ஏன் சைக்கிள் ஓடவேணும்? இருக்கிற காசை நேரே அனுப்பினால் போச்சு." நியாயமான கேள்வி. அதுக்கு மறுமொழி சொல்லத்தான் இவ்வளவும் சொல்லுறன்.

முதல் நாளே ஓபராள்ப் கணவாய். 2,000 மீற்றருக்கு மேலே. பத்துக் கிலோமீற்றர் ஒரே ஏற்றம். உச்சியில் ஒரு சிவப்பு வெளிச்சவீடு நிக்குது. கடல் இல்லாத நாட்டில் வெளிச்சவீடு! றைன் போய்க் கடலில் விழுகிற ஒல்லாந்தில் நிண்ட வெளிச்சவீட்டின் மாதிரி அது. றைன் பிறக்கிறது அந்த மலையில்தான். இலான்ஸ் தாண்டத் திரும்பவும் ஏற்றம். கூருக்குப் பிறகு சமதரை, ஆனால் எதிர்க்காத்து. பிறகு போடன்சே ஏரி, சவ்ஹவுசன் நீர்வீழ்ச்சி. கோப்லென்ஸில் ஆரே ஆறு வந்து சேருது. அந்த இடத்தில் ஆரேதான் றைனைவிடக் கூடத் தண்ணீர் கொண்டுவருகுது. பேர் மட்டும் றைனுக்கு. எங்கட கணக்கும் அப்படித்தான். 5 றாப்பன், 10 றாப்பன் எழுதின ஆக்களால்தான் அது நிரம்பினது.

வேலையிடத்தில் 10 றாப்பன் கேட்டபடியால்தான் "முல்லைத்தீவு எங்கே இருக்கு?" என்ற கேள்வியும் வந்தது. "உங்கட நாட்டில் கல்வி இலவசம்தானே?" என்றும் கேட்டார்கள். உண்மை. கன்னங்கரா காலத்தில், 1945இல் வந்த இலவசக் கல்வியால்தான் என்னைப்போல ஆக்கள் ஏ.எல். வரைக்கும் வந்தனாங்கள். பாடப்புத்தகமும் அரசாங்கம் குடுக்குது. ஆனால் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, மூக்குக்கண்ணாடி எல்லாருக்கும் இலவசமில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலேயே தவணைச் சோதினையைத் தள்ளிவைச்சினம். கொழும்புப் பக்கமே அப்படியென்றால் வன்னியில் கூலிவேலை செய்யிற தாய் கொப்பிக்கு எங்கே போவா?

பள்ளிக்கூடம் பக்கத்திலும் இல்லை. சைக்கிள் இருந்தால் பிள்ளை போகும். இல்லாவிட்டால் மாரி மழையோடு மறிபடும். பெண்பிள்ளை என்றால் பின்னேர வகுப்புக்குத் தனிய நடந்துபோகத் தாய் விடமாட்டா. சைக்கிளின் அருமை எங்களுக்குத் தெரியாததா? 1990களில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் நோயாளியையும் நெல்லு மூட்டையையும் விறகையும் ஏத்தினது சைக்கிள்தானே. அதனால் சேர்ந்த காசில் பாதி சைக்கிளுக்கு, பாதி கொப்பிக்கும் பஸ்சுக்கும். யாருக்கு வேணும் என்று அதிபரும் ஆசிரியர்களும் பட்டியல் போட்டினம். காசு கடைக்கு நேரே போனது. பற்றுச்சீட்டு எங்களுக்கு வந்தது.

இப்போது ஐயாவின் கேள்விக்கு வாறன். நேரே அனுப்புறதில் பிழையில்லை. ஆனால் அனுப்பின பிறகு நாங்கள் என்ன கேட்கிறோம்? படம் கேட்கிறோம். பின்னுக்குப் பெரிய பனரில் எங்கட பேர், முன்னுக்கு ஒரு பிள்ளை இரண்டு கையாலும் கொப்பிப் பையை வாங்கிக்கொண்டு நிக்கும். அடுத்தநாள் அந்தப் பிள்ளை அதே வகுப்பில் போய் இருக்கவேணும். 2009இல் செட்டிகுளம் முகாமில் வரிசையில் நிண்டு வாங்கினவன் நான். தந்தவை நல்ல மனத்தோடுதான் தந்தவை. ஆனால் படம் எடுக்கேக்கை "நிமிர்ந்து பாருங்கோ" என்று சொன்னது இப்பவும் காதில் நிக்குது.

சைக்கிள் ஓடினால் காசு கேட்டு நாலு பேருக்கு முன்னால் நிக்கிறது நாங்கள். பிள்ளை இல்லை. படம் வேணுமென்றால் ஓபராள்பில் வேர்த்து ஒழுகி, நாக்குத் தள்ளிக்கொண்டு நிக்கிற எங்கட படத்தைப் போடுங்கோ. தாராளமாகச் சிரியுங்கோ.

போன கூட்டத்தில், குடுக்கிற சைக்கிளின் மட்காட்டில் சங்கத்தின் பேரை எழுதவேணும் என்று ஒரு கதை வந்தது. முடிவு இன்னும் எடுக்கவில்லை. என்னுடைய தாழ்மையான வேண்டுகோள், எழுதவேண்டாம். அது அந்தப் பிள்ளையின் சைக்கிள். வாற கோடையில் திரும்பவும் ஓட இருக்கிறோம். ஓடக்கூடியவர்கள் வாருங்கோ. ஓடமுடியாதவர்கள் றாப்பன் எழுதுங்கோ. அம்மாமார் வழிக்கு ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தால் அதுவும் பெரிய உதவிதான். வரவு செலவு முழுவதும் மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறது. போகேக்கை எல்லாரும் ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ.