உரையாடலுக்கு ஓர் உறைவிடம்



வீடு மாற விழைவோர் முதற்கண் பார்ப்பன எவை? கூரை ஒழுகுமா, கிணற்றில் நீர் உண்டா, குடிக்கூலி எவ்வளவு என்பனவே. ஆனால் நெடுநாள் வாழக் கருதுவோர் மற்றொன்றையும் கேட்பர்: திறவுகோல் எவர் கையில் இருக்கும்? இக்கேள்வி செங்கல் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. சொல் குடியிருக்கும் வீட்டிற்கும் உரியது. திறமூல மென்பொருள் ஆக்குவோர் தம் மின்மடல் உரையாடலுக்குப் புதியதோர் உறைவிடம் தேடிய வரலாறு இதனைத் தெள்ளிதின் விளக்கும்.

திறமூல மென்பொருளாவது, தன் மூலநிரலை மறைத்து வைக்காமல், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது. அதனை ஆக்குவோர் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து பணிசெய்வோர் அல்லர். ஒருவர் ஆலந்தில் இருப்பார். ஒருவர் ஆத்திரேலியாவில் இருப்பார். மற்றொருவர் அமெரிக்காவில் இருப்பார். ஒருவருக்குப் பொழுது விடிகையில் மற்றவருக்குப் பொழுது சாயும். இங்ஙனம் சிதறிக் கிடந்தோரை ஒன்றாய்ப் பிணித்த கயிறே மடற்குழு. அதன் முகவரிக்கு ஒருவர் விடுக்கும் மடல் உறுப்பினர் அனைவரின் பெட்டிக்கும் சென்று சேரும். அதன் படியொன்று பொதுக் களஞ்சியத்திலும் சேரும். எளிய கணிப்பொறியிலும் அதனைப் படிக்கலாம். இணைப்பு அற்ற பொழுதும் படிக்கலாம். மறுமொழியை எழுதிவைத்துப் பின்னர் விடுக்கலாம். ஏழைக்கும் எட்டும் ஏற்பாடு அது!

பைத்தான் என்னும் நிரல்மொழியை ஆலந்து நாட்டவராகிய கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்டார். அம்மொழியின் வளர்ச்சி பற்றிய ஆய்வும் சொற்போரும் நெடுங்காலம் மடற்குழுக்களிலேயே நிகழ்ந்தன. அக்குழுக்களை இயக்கியது மெயில்மேன் என்னும் மென்பொருள். அதுவும் திறமூலமே, அதுவும் பைத்தானில் எழுதப்பெற்றதே. தம் தோட்டத்து மரத்தால் தாமே கட்டிய வீடு எனலாம்.

அவ்வீட்டிற்குள்தான் 2018-இல் புயல் புகுந்தது. ஒரு கோவைக்குள்ளேயே மாறிக்குப் பெயரிட்டு மதிப்பை வைக்கும் புதிய குறியீடு ஒன்றைச் சேர்ப்பதா வேண்டாவா என்பதே பொருள். 572 என்னும் எண்ணுடைய அம்முன்மொழிவின்மேல் மடல்மேல் மடலாகக் குவிந்தன. ஒருவர் சொன்னதையே பலரும் சொல்லினர், விடை கூறப்பெற்ற வினாவே மீண்டும் மீண்டும் எழுந்தது, சூடு ஏறியது. முன்மொழிவு ஏற்கப்பெற்றது. ஆனால் 2018 சூலை 12-ஆம் நாள், மொழியின் தந்தையாகிய கைடோ வான் ராசம் இறுதி முடிவெடுக்கும் தம் பொறுப்பினின்று விலகினார். ஒரு முன்மொழிவுக்காக இத்துணைப் போராடி, முடிவில் பலருடைய வெறுப்பையும் ஏற்க இனி மனமில்லை என்பதே அவர்தம் மடலின் கருத்து. அவ்விலகலை அறிவித்ததும் ஒரு மடற்குழுவில்தான்!

பழி மாந்தரின் சினத்திற்கு மட்டுமா உரியது? வீட்டின் அமைப்பிற்கும் அதிற் பங்குண்டு. மடற்குழுவில் விடுத்த மடலைத் திரும்பப் பெற இயலாது. கிளைத்துச் செல்லும் பேச்சைப் பிரித்து வேறிடத்தில் வைக்க இயலாது. ‘ஆம், எனக்கும் உடன்பாடே’ என்று சொல்லவும் மற்றொரு மடல் வேண்டும்; அதுவும் அனைவர் பெட்டியிலும் விழும். புதிதாய் வருவோன் ஒரு கேள்வி கேட்க வந்து வெள்ளத்தில் மூழ்குவான். தான் சேர்வதற்கு முன் எழுதப்பெற்ற மடலுக்கு மறுமொழி எழுதவோ வழியறியாது திகைப்பான்.

ஆகலின் அக்குழாத்தினர் வேறு வீடு பார்த்தனர். 2013-இல் வெளிவந்த டிசுகோர்சு என்னும் கருத்துக்கள மென்பொருளை 2018-இலேயே ஆய்ந்து பார்க்கத் தொடங்கினர். அங்கே பேச்சைப் பொருள்வாரியாகப் பகுக்கலாம், எல்லை மீறும் இழையைச் சிறிது காலம் பூட்டி வைக்கலாம், எழுதியதைத் திருத்தலாம், உடன்பாட்டை ஒரு குறியால் காட்டலாம். தலைவர் விலகியபின் அமைந்த நெறிப்படுத்தும் குழுவின் காலத்தில், 2022-இல், மொழியாக்குநரின் தலையாய உரையாடல் அங்கே குடிபுகுந்தது. எல்.எல்.வி.எம். என்னும் நிரல்பெயர்ப்பித் திட்டத்தாரும் அதே ஆண்டில் தம் உரையாடலை அதே மென்பொருளுக்கு மாற்றினர்.

இம்மாற்றத்தை எதிர்த்தோர் பழைமைப் பித்தரா? அல்லர்! அவர் கூற்றிலும் உண்மை உண்டு. மடல் வாயில் தேடி வருவது; களமோ, வாயில் தேடிச் செல்லவேண்டுவது. புதிய களத்திலும் மின்மடல்வழிப் படிக்கவும் எழுதவும் இயலும் எனினும், மடலாளர் அங்கே விருந்தினரேயன்றி வீட்டார் அல்லர். மடற்குழுவில் ஒவ்வோர் உறுப்பினரும் தாம் அறியாமலே ஒரு களஞ்சியம் காக்கின்றார். களத்திலோ எல்லாம் ஒரே வழங்கியில் தங்கும்.

ஒரே இடத்தில் தங்கியதன் விளைவைக் காட்ட எடுத்துக்காட்டுகள் உள. யாகூ நிறுமம் மடற்குழுக்களுக்குக் கூலியின்றி இடம் கொடுத்தது. எண்ணற்ற குழுக்கள் அங்கே குடியேறின. தமிழன்பர் பலர் நடத்திய மடற்குழுக்களும் அவற்றுள் அடங்கும். 2019 அக்டோபரில் அந்நிறுமம், குவிந்த பழம்பொருள்களை நீக்கப்போவதாக அறிவித்தது; 2020 திசம்பர் 15-இல் கதவையே அடைத்தது. விரைந்து படியெடுத்தோர் காத்தது எஞ்சியது, ஏனையது போயிற்று. கூலி கேளாத வீட்டுக்காரன் காரணமும் கேளாமலே வெளியேற்றுவான் என்பதை அன்று உணர்ந்தோர் பலர்.

நல்லெண்ணம் மட்டும் போதுமா எனில், அதுவும் போதாது. 2002-இல் இலார்சு இங்கெபிரிக்ட்சன் என்னும் நார்வே நாட்டவர், திறமூல மடற்குழுக்களைத் திரட்டிக் காக்கும் சிமேன் என்னும் களஞ்சியத்தை நிறுவினார். ஆதாயம் கருதாத அருந்தொண்டு அது. ஆயினும் 2016-இல் அதன் இணைய முகப்பு நின்றபோது, உலகெங்கும் அதனைச் சுட்டி வைத்திருந்த தொடுப்புகள் செத்தன. ஒருவர் தோள் எவ்வளவு வலிதாயினும், ஊர்ச்சுமையை என்றும் தாங்காது.

மாற்று வழியும் கண்முன் உள்ளது. லினக்சு கருவகத்தை ஆக்குவோர் இன்றும் மின்மடலையே நம்பியுள்ளனர். அவர்தம் மடல்களுக்கு 2018-இல் புதிய களஞ்சியம் அமைந்தபோது, ஆங்காங்கே பலர் தம் கணிப்பொறிகளிற் காத்திருந்த பழம்படிகளைத் தந்து இடைவெளிகளை நிரப்பினர். அதுமட்டுமன்று, அக்களஞ்சியம் முழுவதையும் விரும்புவோர் எவரும் படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். ஒரு வழங்கி அழியினும் உரையாடல் அழியாது.

எனவே மடலா களமா என்பது வழக்கின் கிளையே, வேர் வேறு. இடம் மாறுவோர் கேட்கவேண்டியவை நான்கு. ஒன்று: வழங்கியும் முகவரியும் எவர் பெயரில் உள்ளன? இரண்டு: வேண்டும்போது உரையாடல் முழுவதையும் படியெடுத்துக்கொண்டு வெளியேற இயலுமா? மூன்று: உறுப்பினர் அல்லாதாரும், விழிப்புலன் இழந்தாரும், மெல்லிய இணைப்பினரும் தடையின்றிப் படிக்க இயலுமா? நான்கு: பழைய தொடுப்புகள் பழுதின்றிப் பழைய மடலையே காட்டுமா? பைத்தான் குழாத்தினர் நான்காவதை மறந்தாரல்லர்; உரையாடல் இடம் மாறியபின்னும் பழைய மடற்களஞ்சியத்தை அதன் இடத்திலேயே காத்து வருகின்றனர். குடிபெயர்ந்தோர் முன்னோர் வீட்டை இடித்துவிட்டுச் செல்லவில்லை!

மடல் என்பது வெறும் பேச்சன்று. ஒரு நிரல்வரி ஏன் அவ்வாறு எழுதப்பெற்றது என்பதற்கு அதுவே சான்று. நிரல் இருந்து உரையாடல் அழியுமாயின், விடை இருக்கும். அதன் கரணியம் இராது. கரணியம் அறியாத தலைமுறை, முன்னோர் கண்டு விலக்கிய பிழையை மீண்டும் செய்து வருந்தும்.

இளைஞர்களே! எழுத்தைக் கூட்டி வைக்கும் எவ்விடத்தும் இக்கேள்விகளை எழுப்புங்கள். கூரையின் அழகைக் கண்டு மயங்காதீர். கூலியில்லை என்பதால் மகிழாதீர். குடிபுகுமுன் வெளியேறும் வழியைப் பாருங்கள்! திறவுகோல் எவர் கையில் என்று கேளுங்கள்! ஒரு படியை உங்கள் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள்!