உங்கள் அலுமாரியில் எங்கள் படங்கள்



1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எங்கள் முஸ்லிம் தோழியரும், போரில் இடம்பெயர்ந்த மற்றவர்களும் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருத்தியின் தாயுடைய முகம் இன்று இன்னொருத்தியின் வகுப்புப் படத்தில் மட்டுமே இருக்கலாம். அந்தப் படம் மன்னாரிலும் இருக்கலாம், ரொறன்ரோவிலும் இருக்கலாம்.

ஆகவே வீட்டிலுள்ள பழைய படங்களைக் கைத்தொலைபேசியில் பிரதி எடுங்கள். யன்னலோரம், நேர்வெயில் படாத இடத்தில் படத்தைத் தட்டையாக வையுங்கள். பிளாஷ் வேண்டாம். தொலைபேசியை நேர்மேலே, சாயாமல் பிடியுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ போதும். எங்கள் கடற்கரை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும். உரித்தால் முகமே போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். பின்புறத்தையும் எடுங்கள், பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும்.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் இப்படித்தான் பக்கம் பக்கமாகக் காத்துவருகிறது.

படத்தில் நிற்பவர்களின் பெயர்களை அம்மாமாரிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். மருத்துவராகச் சொல்கிறேன், அதற்கு நாள் பார்க்காதீர்கள். ஞாபகம் நாள் பார்த்துப் போவதில்லை.