ஆயிரம் ரூபாய் சட்டமும் தொப்பூர் இறக்கமும்

சனிக்கிழமை விடியக்காலை பெங்களூர்ல இருந்து பைக்கை எடுத்துட்டு ஏற்காடு கிளம்புறவங்க இதைக் கேட்டுட்டு இருப்பீங்க. தர்மபுரி தாண்டினதும் தொப்பூர் கணவாய் வரும். எங்க ஊர் பக்கம். ரோட்டுல ரேஸ் விடுறவங்க மேல, கண்மண் தெரியாம ஓட்டுறவங்க மேல போலீஸ் என்ன கேஸ் போடுது, அதனால ஏதாவது மாறுதா? இன்னைக்கு அதைப் பேசுவோம்.

முதல்ல ஒரு கணக்கு. பொதுச்சாலையில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்தா ஓட்டினா இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 279. ஆறு மாதம் வரை சிறை, இல்லை ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். எழுதினது 1860ல. அப்போ ரோட்டுல ஓடினது குதிரை வண்டி. 2024 ஜூலை 1ல புதுச் சட்டம் வந்தது, பாரதிய நியாய சன்ஹிதா. பிரிவு நம்பர் 281னு மாறிச்சு. அபராதம்? அதே ஆயிரம்தான்!

ரேஸுக்குன்னே மோட்டார் வாகனச் சட்டத்துல 189னு ஒரு பிரிவு இருக்கு. முதல் தடவை மூணு மாதம் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய். ஆனா இது சமரசத் தொகை கட்டி முடிச்சுக்கக்கூடிய குற்றம். கட்டினா கோர்ட்டுக்கே போக வேண்டாம். லட்சக்கணக்குல பைக் வாங்கினவனுக்கு அது ஒரு ஹெல்மெட் காசு. அபாயகரமா ஓட்டுறதுக்கான 184 அப்படி இல்ல. ஓட்டும்போது போன் பேசின கேஸைத் தவிர மத்ததுக்கு கோர்ட் படி ஏறணும். சாட்சி, வாய்தான்னு அலையணும். ஸ்டேஷன்ல எது சுலபம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இந்தப் பக்கம் இவ்வளவு லேசா இருக்கிற அதே சட்டம் வேற மாதிரியும் பாயும். 2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கத்துல, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில், டிடிஎஃப் வாசன் பைக்கை முன்சக்கரம் தூக்கி ஓட்டி விழுந்தார். அடிபட்டது அவருக்கு மட்டும்தான். 279ஓட நிறுத்தாம 308ம் சேர்த்தாங்க, அதாவது கொலையாகாத மரணம் விளைவிக்க முயற்சி. ஜாமீன்ல விட முடியாத பிரிவு. அக்டோபர்ல சென்னை உயர்நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது; பைக்கை எரிச்சிடலாம்ங்கிற அளவுக்கு நீதிபதி கோபப்பட்டார். வெளியே வர நவம்பர் ஆயிடுச்சு. லைசென்ஸ் பத்து வருஷத்துக்குப் போச்சு.

அவருக்காக நான் வாதாட வரல. ஆனா வீடியோ பார்க்க லட்சக்கணக்குல ஆள் இருந்தா 308, ஆள் இல்லாத இடத்துல அதையே செஞ்சா ஐயாயிரம்னு இருந்தா, பசங்களுக்கு என்ன புரியும்? ‘மாட்டினா தலையெழுத்து’ன்னுதான் புரியும். பயம் வராது. எனக்குக் கேட்டா, அந்தக் கேஸ்ல உருப்படியான விஷயம் லைசென்ஸ் போனதுதான். அதுக்கு நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சட்டப் பிரிவு 19ன் கீழ், விளக்கம் கேட்டுட்டு ஆர்டிஓவே செய்யலாம். பத்து வருஷமெல்லாம் வேண்டாம். மாட்டுற ஒவ்வொருத்தனுக்கும் ஆறு மாதம் நிச்சயம்னு தெரிஞ்சா போதும்.

சரி, தொப்பூருக்கு வருவோம். 2020 டிசம்பர்ல ஒரு லாரி வரிசையா நின்ன வண்டிகள் மேல ஏறினதுல நாலு பேர் செத்தாங்க. 2024 ஜனவரியில் மறுபடியும் நாலு பேர். அந்த சிசிடிவி வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அந்த இறக்கத்துல டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல விடாதீங்கன்னு போலீஸ் சொல்லிக்கிட்டே இருக்கு. நியூட்ரல்ல விட்டா எஞ்சின் பிடிப்பு இருக்காது. மொத்த பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்கணும். அது சூடேறி கைவிட்டுடும்.

செத்த பிறகு கேஸ் யார் மேல? டிரைவர் மேல. கவனக்குறைவால் மரணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் வரை தண்டனை. புதுச் சட்டத்துல, 106ஆம் பிரிவுல, அஞ்சு வருஷம் வரைக்கும். இடிச்சிட்டு தகவல் சொல்லாம ஓடினா பத்து வருஷம்னு எழுதினதை, நாடு முழுக்க லாரிக்காரங்க ஸ்டிரைக் பண்ணதும் நிறுத்தி வெச்சுட்டாங்க.

எத்தனை வருஷம்னு சண்டை போடுறோம். யாருக்குங்கிற பேச்சே இல்ல. டீசல்ல மிச்சம் பிடிக்கச் சொல்லி, ராத்திரியோட சேலம் போய்ச் சேரச் சொல்லி நெருக்கினது யாரு? மோட்டார் வாகனச் சட்டத்துல 188னு ஒரு பிரிவு இருக்கு. அபாயகரமா ஓட்டத் தூண்டினவருக்கும், ஓட்டினவருக்குக் கிடைக்கிற அதே தண்டனை. அடுத்த தடவை தொப்பூர் செய்தி வந்தா, எஃப்ஐஆர்ல ரெண்டாவதா ஒரு பேர் இருக்கான்னு பாருங்க.