வரி கொடுப்போர் யார்?



அனைவர்க்கும் கட்டணமில்லா மருத்துவம் என்றதும் ஒரு குரல் எழுகின்றது: ‘வரி கொடுப்போர் பணத்தை வாரி இறைப்பதா?’ கேட்பவர் பெரும்பாலும் வருமான வரி கட்டுபவர். நாட்டில் தாம் ஒருவரே வரி கொடுப்பதாக அவர்க்கு நினைப்பு! விளவங்கோட்டில் இரப்பர்ப் பால் வெட்டுபவரும் குளச்சலில் வலை இழுப்பவரும் வாங்கும் வழலைக்கட்டியில் வரி இல்லையா? செருப்பில் இல்லையா? 2017 சூலை முதல் நாள் வந்த சரக்கு, பணி வரி, செல்வரையும் ஏழையையும் ஒரே விழுக்காட்டில் அன்றோ தண்டுகின்றது!

இம் மண்ணுக்கு இது புதிய வழக்கன்று. ஒடுக்கப்பட்டோரிடம் தலைவரி தண்டிய திருவிதாங்கூர் ஆட்சி, மருத்துவமனைக் கதவை அவர்க்கு எளிதில் திறந்துவிடவில்லை. 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியவர்கள் இலண்டன் திருப்பணிக் கழகத்தார். 1922இல் எவரெசுட்டு மலையேறச் சென்ற அறுவை மருத்துவர் சாமர்வெல், நோயாளர் கூட்டத்தைக் கண்டு அந் நெய்யூரிலேயே பணியாற்றத் தங்கினார். வரி கொடுத்தவனுக்கு மருந்து கொடுத்தது அயலார் அறப்பணம். அந்த வெட்கம் மீண்டும் வேண்டுமா?

செலவு பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் எவ் வழியில் ஓடுகின்றது என்பதே வினா. 2012இல் தொடங்கிய முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 உருபாவுக்கு உட்பட்ட குடும்பங்கள் பயன்பெறுகின்றன. அக் காப்பீட்டில் ஒருவர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டால், அத் தொகை அம் மருத்துவமனைக்கே வந்து கட்டிலாகவும் கருவியாகவும் மாறும். தனியார் மனையில் செய்துகொண்டால் அதே வரிப்பணம் அவர்தம் பேரேட்டில் ஏறும். சிக்கனத்துக்கும் வழி இங்கேயே உண்டு. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகின்றது. பிற மாநிலங்களும் வந்து பார்த்துக் கற்றுச் சென்ற முறை அது.

வரிப்பணத்தின்மேல் உண்மையான கவலை உடையோர் தில்லியை நோக்கியும் ஒரு வினா எழுப்பலாம். மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மருத்துவர்க்குச் சம்பளம் தருவது மாநிலம். வருமான வரியின்மேல் 2018 முதல் நலவாழ்வு, கல்வியின் பெயரால் 4 விழுக்காடு மேல்வரி தண்டுவதோ நடுவணரசு. மேல்வரி ஆகையால், மாநிலங்களுக்குப் பகிரும் தொகையில் அது சேர்வதில்லை. வாரி இறைப்பதாக வருந்துவோர், வாரிக்கொண்டு போவதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?