முடித்த படத்தை டிவிடி வட்டாக்குவது எப்படி?



பள்ளி ஆண்டு விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா, பிள்ளைகளின் நாடகம் ஆகியவற்றை நாம் இன்று கைத்தொலைபேசியிலேயே ஒளிப்பதிவு செய்துவிடுகிறோம். அதனைக் கணினியில் இட்டு, வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, தலைப்பும் எழுதிப் படத்தை முடித்தும்விடுகிறோம். இணையத்தில் அனுப்பினால் இளையோர் பார்த்துக்கொள்வார்கள். ஆனால், நெடுங்காலம் பால்மரம் வெட்டிவிட்டு, இப்பொழுது தாமான் வீட்டில் மகனோடு இருக்கும் பாட்டி எப்படிப் பார்ப்பார்? அவர் பழகியதெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டியின் கீழே இருக்கும் டிவிடி கருவியோடுதான். அத்தகைய பெரியவர்களுக்காகவே இன்றும் டிவிடி வட்டு தேவைப்படுகிறது. அதனை முறையாகச் செய்வது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். கணினியில் உள்ள படக் கோப்பை அப்படியே வட்டில் நகலெடுப்பது வேறு. டிவிடி படவட்டு ஆக்குவது வேறு. மங்கில் வடியும் பால் வேறு, அதனை உறையவைத்து உருளையில் அழுத்தி எடுக்கும் தகடு வேறு அல்லவா? அதுபோலத்தான் இதுவும். 1996ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலந்தொட்டு, டிவிடி படக்கருவி எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்கிய படத்தையே எதிர்பார்க்கிறது. கைத்தொலைபேசி தரும் கோப்பு வேறு முறையில் சுருக்கப்பட்டது. அதனை நகலெடுத்துக் கொடுத்தால் சில கருவிகள் காட்டும். பல கருவிகள் காட்டமாட்டா.

ஆகவே, தொகுக்கும் மென்பொருளில் படத்தை வெளியேற்றும்போது எம்பெக்-2 டிவிடி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே மூன்று கேள்விகள் எழும்.

முதற்கேள்வி, பால் முறையா, என்.டி.எஸ்.சி. முறையா என்பது. இந்தப் பால், மரத்துப் பாலும் அன்று, பசும்பாலும் அன்று. தொலைக்காட்சி முறை ஒன்றின் பெயர். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு வரை நடைபெற்ற பழைய ஒளிபரப்பு இம்முறையைச் சார்ந்தது. இதில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் 720க்கு 576 புள்ளிகள். நம் வீடுகளுக்கு இதுவே பொருந்தும்.

இரண்டாவது, படத்தின் அகல உயர விகிதம். அகலத்திரையில் எடுத்த படத்துக்கு 16க்கு 9 என்று குறிக்க வேண்டும். 4க்கு 3 என்று குறித்துவிட்டால், மேடையில் நிற்கும் பிள்ளைகள் அனைவரும் மூங்கில்போல் நெடிந்து மெலிந்து தெரிவார்கள்.

மூன்றாவது, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. இதற்குச் சிறு கணக்குப் போதும். சாதாரண வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட், அஃதாவது, ஏறத்தாழ 37,600 மெகாபிட். ஆண்டு விழாப் படம் 90 நிமிடம் என்றால், அது 5,400 நொடி. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 7 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒலிக்கும் முகப்புப் பட்டியலுக்கும் இடம் விட்டு, படத்துக்கு 6 என்று வைக்கலாம். இரண்டு மணி நேரப் படமானால் ஏறத்தாழ நாலரைக்கு இறங்க வேண்டும். அப்பொழுது தெளிவு குறையும். அதைவிட நீளமானால் இரண்டு வட்டுகளாகப் பிரிப்பதே நன்று.

அடுத்து, அந்தக் கோப்பை வட்டுக்குரிய அமைப்பில் அடுக்க வேண்டும். விண்டோஸ் 7இல் இருந்த டிவிடி மேக்கர், 2012இல் வந்த விண்டோஸ் 8இல் இடம்பெறவில்லை. டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள் இவ்வேலையைச் செய்யும். முகப்பில் பெரிய எழுத்தில் நான்கைந்து தலைப்புகள் போதும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தின் ஓரத்தைச் சற்று மறைத்துவிடும். ஆதலால் எழுத்துகளை விளிம்பிலிருந்து தள்ளி வையுங்கள். புதிய கணினிகள் பலவற்றில் வட்டு எழுதும் கருவி இருப்பதில்லை. தனியே வாங்கி யு.எஸ்.பி. வழியே பொருத்திக்கொள்ளலாம்.

வட்டை எழுதி முடிக்கும்போது இறுதியாக்கம் என்னும் கட்டத்தைத் தவிர்க்கக் கூடாது. அது நடவாத வட்டு, எழுதிய கணினியில் ஓடினாலும் வீட்டுக் கருவியில் ஓடாமற்போகலாம். முதல் வட்டை வீட்டுக் கருவியில் போட்டுத் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்த்த பின்னரே மற்ற வட்டுகளை எழுதுங்கள். வட்டின்மேல் பெயரை மென்முனைப் பேனாவால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வட்டைக் கீறிவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்.

இறுதியாக ஒன்று. தகடான பால் மறுபடி மங்குக்குத் திரும்பாது. அதுபோலவே, டிவிடிக்காகச் சுருக்கிய படத்திலிருந்து பழைய தெளிவை மீட்க முடியாது. வட்டு எழுதியாயிற்றே என்று மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். அதனை இரண்டு வன்தட்டுகளில் வெவ்வேறு வீடுகளில் வைத்திருங்கள். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. பள்ளிகள் சில இடம் பெயர்ந்துவிட்டன. அந்த மண்ணில் ஆடிய கால்களும் பாடிய குரல்களும் இந்தப் பதிவுகளில்தான் இருக்கின்றன. வட்டு, இன்று பார்ப்பவர்களுக்கு. மூலம், நாளை கேட்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு. இரண்டையும் காப்பது நம் கடமை.