கம்ப்யூட்டருக்கும் பிட்டர் வேண்டும்

(வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டர் வேலை பட்டதாரிகளுக்குத்தான் என்று ஒதுங்கிப்போகிறவர்கள் நம்மில் அநேகர். அது தவறு. ஆபீசில் மெஷின் நின்றுபோனால் ஓடவைக்கிற வேலை ஒன்று உண்டு. சப்போர்ட் வேலை என்பார்கள். மில்லில் பிட்டர் செய்கிற வேலைக்கு அது தம்பி முறை!

ரிங் பிரேம் நின்றால் பிட்டர் எடுத்தவுடன் எல்லாவற்றையும் கழற்றுகிறாரா? கரண்ட் வருகிறதா, பெல்ட் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இங்கேயும் அப்படியே. இன்டர்நெட் வரவில்லையா? முதலில் ஒயர், பக்கத்து மெஷினுக்கு வருகிறதா, பிறகு ஐ.பி. முகவரி, அதன் பிறகே டி.என்.எஸ். கண்ட பழுதையும் தீர்த்த விதத்தையும் நோட்டில் எழுதிவைக்கிற பையன் முன்னேறுகிறான்.

எங்கே படிப்பது? பத்தாவது தேறியவர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.களில் 'கோபா' என்ற ஓராண்டுப் பயிற்சி உண்டு. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஹார்டுவேர், நெட்வொர்க் பிரிவு கிடைத்தால் இன்னும் நல்லது.

இது தெரியாமல் 2019-ல் என் அக்காள் மகனை டவுனில் ஒரு சென்டரில் சேர்த்தோம். அக்காள் தோட்டை அடகு வைத்தாள். "வேலை நிச்சயம்" என்றார்கள். கிடைத்தது சர்டிபிகேட் ஒன்றுதான். ஒரு மெஷினைக் கழற்றி மாட்டக்கூட விடவில்லை! பிறகு ரிப்பேர் கடையில் ஒரு வருஷம் நின்றுதான் தொழில் கற்றான். தோடு இன்னும் திரும்பவில்லை.

முதல் வேலை பெரும்பாலும் காண்ட்ராக்ட்; போனில் குறை கேட்கிற ஹெல்ப் டெஸ்க்; நைட் ஷிப்டும் வரும். அங்கேயே தங்கிவிடாமல் நெட்வொர்க்கையோ சர்வரையோ பிடித்துப் படிக்க வேண்டும். சேரும்போதே நியமனக் கடிதமும் பி.எப். நம்பரும் கேட்டு வாங்குங்கள். டெபாசிட் என்று கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.